பாக்லாந்தில் நான் மெச்சும் ஆள்

கேள்வி: 1982-ல் தென் அட்லாண்டிக்கில் பிரிட்டன் ஆண்ட பாக்லாந்து தீவுகளை அர்ஜென்டினா பிடித்துக்கொண்டதும், இத்தனை ஆயிரம் மைல் தாண்டிக் கப்பற்படையை அனுப்பி மீட்டுக் காட்டினாரே பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர்! தலைவர் என்றால் அப்படியல்லவா இருக்க வேண்டும்? - ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: படை அனுப்பியதைச் சொல்கிறீர்கள், சரி. அதற்கு முந்தைய ஆண்டு அதே தாட்சர் அரசு என்ன செய்தது? அந்தக் கடலில் ரோந்து சுற்றிய 'எண்டியூரன்ஸ்' கப்பலைச் செலவு மிச்சம் என்று விலக்கிக்கொள்ள 1981-ல் முடிவெடுத்தது. அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டத்தில் தீவு மக்கள் பலருக்கு முழுப் பிரிட்டிஷ் குடியுரிமை கிடைக்காமல் போனது. அதற்கும் முன்னால் 1980-ல் நிக்கோலஸ் ரிட்லி என்ற அமைச்சர் தீவுக்கே போய், உரிமையை அர்ஜென்டினாவுக்குக் கொடுத்துவிட்டு நாம் குத்தகைக்கு இருந்துகொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தார். இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்த அர்ஜென்டினாவை ஆண்ட ராணுவத் தளபதிகள், இந்தத் தீவுக்காக பிரிட்டன் சண்டைக்கு வராது என்று கணக்குப் போட்டார்கள். தீவு பறிபோனதும் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் கேரிங்டன் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். தாட்சர் 1983 தேர்தலில் பெரிய வெற்றி பெற்றார்.

எதிர்ப்பக்கம் இதைவிட மோசம். அர்ஜென்டினாவில் தளபதி கால்டியேரியின் ராணுவ ஆட்சியை எதிர்த்து மார்ச் 30-ல் தெருவுக்கு வந்த தொழிலாளிகளை அடித்து விரட்டினார்கள். மூன்றே நாளில், ஏப்ரல் 2-ல், தீவில் படை இறங்கியது, அந்த ராணுவ ஆட்சியில் காணாமல்போன பிள்ளைகளைத் தேடித் தாய்மார்கள் சுற்றிவந்த தலைநகர் புவனஸ் ஐரஸின் அதே மாயோ சதுக்கத்தில் மக்கள் கூடி ஆரவாரம் செய்தார்கள். அந்தத் தாய்மார்கள் நடுவே, காணாமல்போன ஒருவரின் தம்பி என்று சொல்லி நுழைந்து அவர்களைக் காட்டிக்கொடுத்தவர் ஆல்பிரடோ அஸ்டிஸ் என்ற கடற்படை அதிகாரி. போரில் அவரைத் தெற்கு ஜார்ஜியாத் தீவுக்கு அனுப்பினார்கள், அங்கே சரணடைந்தார். நிராயுதபாணிப் பெண்களிடம் காட்டிய வேகம் அங்கே காணவில்லை. 2011-ல்தான் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

கப்பலே போயிருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அர்ஜென்டினா செய்தது ஆக்கிரமிப்பு. வெளியேறச் சொல்லி ஐ.நா. பாதுகாப்பு சபை மறுநாளே 502-ஆம் தீர்மானம் போட்டது. அங்கிருந்த சுமார் 1,800 பேரை யாரும் கேட்கவில்லை. 2013-ல் வாக்கெடுப்பு நடந்தபோது 1,517 பேர் வாக்களித்தார்கள், பிரிட்டனோடு இருக்க வேண்டாம் என்றவர்கள் மூன்றே பேர். அந்தத் தீவு மக்களைக் காப்பாற்றும் கடமை பிரிட்டனுக்கு இருந்தது. (அன்று போன படையின் தலைமைக் கப்பல் 'ஹெர்மிஸ்'தான் 1987-ல் நம் கடற்படையிடம் வந்து 'விராட்' ஆனது.)

ஆனால் வெற்றியைக் கொண்டாடும்போது விலையையும் சொல்லுங்கள். மே 2-ல் பிரிட்டிஷ் நீர்மூழ்கி 'கான்கரர்' அடித்ததில் அர்ஜென்டினப் போர்க்கப்பல் 'பெல்கிரானோ' மூழ்கி 323 பேர் செத்தார்கள், அர்ஜென்டினா இழந்த 649 பேரில் ஏறக்குறைய பாதி. பிரிட்டன் தானே அறிவித்த 200 மைல் தடை வளையத்துக்கு வெளியே இருந்தது அந்தக் கப்பல். இரண்டே நாளில் அர்ஜென்டினாவின் எக்சோசெட் ஏவுகணை தாக்கி பிரிட்டிஷ் போர்க்கப்பல் 'ஷெபீல்டு' எரிந்தது, செத்தவர்கள் 20 பேர். பிரிட்டன் தரப்பில் மொத்தம் 255. தீவுப் பெண்கள் மூன்று பேர் செத்தார்கள், அதுவும் அவர்களை மீட்க வந்த பிரிட்டிஷ் படையின் குண்டிலேயே.

அர்ஜென்டினச் சிப்பாய்களில் பெரும்பாலோர் கட்டாயச் சேவையில் இழுத்துவரப்பட்ட 18, 19 வயதுப் பையன்கள், அதில் பலர் கொரியன்டெஸ், சாக்கோ போன்ற வெப்பமான வடக்கு மாகாணங்களைச் சேர்ந்தவர்கள். தண்ணீர் ஊறிய பதுங்குகுழியில், குளிருக்குத் தக்க துணி இல்லாமல், பசியோடு கிடந்தார்கள். பசி தாங்காமல் ஆட்டைத் திருடியவர்களைச் சொந்த அதிகாரிகளே கைகால் கட்டி உறைந்த தரையில் கிடத்தியதாக உயிர் பிழைத்தவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். ஜூன் 14-ல் தீவிலிருந்த அர்ஜென்டினப் படைத் தலைவர் ஜெனரல் மெனென்டஸ் சரணடைந்தார். மொத்தம் 74 நாள் போர்.

இந்தப் போரில் யாரை மெச்சுவேன் என்று கேட்டால், ஜெஃப்ரி கார்டோசோவைச் சொல்வேன். பிரிட்டிஷ் ராணுவ கேப்டன். சண்டை முடிந்தபின், சிதறிக் கிடந்த எதிரிப் பிணங்களைத் தேடியெடுத்து 1983 தொடக்கத்தில் டார்வின் என்ற இடத்தில் ஒரு மயானம் அமைத்தார், 237 கல்லறைகள். பாதிக்கு மேல் யாரென்று தெரியவில்லை. அவற்றில் 'கடவுளுக்கு மட்டுமே தெரிந்த அர்ஜென்டினச் சிப்பாய்' என்று எழுதினார்கள். என்றாவது யாராவது தேடி வருவார்கள் என்று ஒவ்வோர் உடலையும் கெடாதபடி சுற்றி, எங்கே கிடைத்தது, கூட என்ன இருந்தது என்று எழுதி வைத்தார். 2008-ல் ஹூலியோ ஆரோ என்ற அர்ஜென்டின முன்னாள் சிப்பாய் லண்டனில் அவரைச் சந்தித்தபோது, கார்டோசோ அந்தக் குறிப்புகளை அவர் கையில் கொடுத்துவிட்டார். அதை வைத்துத்தான் 2017-ல் செஞ்சிலுவைச் சங்கம் அந்தக் கல்லறைகளைத் திறந்து, டி.என்.ஏ. சோதனையில் பெயர்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தது. 2018 மார்ச்சில் விமானத்தில் வந்திறங்கிய குடும்பங்களில், 36 ஆண்டு கழித்துத் தன் மகன் பெயர் பொறித்த கல்லைத் தொட்ட தாய்மார்கள் இருந்தார்கள்.