மார்க் அட்டையை மூன்று நாள் முன்பே அனுப்பிவிடுங்கள்

கேள்வி: ஏழாம் வகுப்பு, 38 பிள்ளைகள். வரும் பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைகளே தங்கள் படிப்பைப் பற்றிப் பேசட்டும் என்கிறார் தலைமை ஆசிரியர். ஒப்பித்துவிட்டுப் போவார்களோ, மார்க் குறைந்தவர்களுக்கு அங்கேயே திட்டு விழுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: திட்டு விழுவது அட்டையை அன்றைக்குக் கையில் கொடுப்பதால்தான். கண் மொத்த மார்க்குக்குப் போய்விட்டால் பிள்ளை பேசுவது யார் காதிலும் ஏறாது. மூன்று நாள் முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டால் கோபம் அங்கேயே ஆறியிருக்கும்.

பேச்சை எழுதிக் கொடுக்காதீர்கள். எழுதிக் கொடுத்தால் ஒப்பிக்கத்தான் செய்வார்கள். ஆளுக்கு மூன்று தாள் போதும்: நன்றாக வந்தது, தப்பாகிப் பிறகு திருத்தியது, இன்னும் வராதது. மூன்றிலும் தேதி இருக்கட்டும். ½ + ⅓ = ⅖ என்று போட்ட தாளைக் காட்டி, "கீழ் எண்ணையும் கூட்டிட்டேன்பா, ஆறாக்கிட்டுக் கூட்டணும், ⅚" என்று சொல்லத் தெரிந்தால் போதும். "கணக்கில் வீக்" என்பது பேச்சே இல்லை. முந்தின வாரம் இரண்டு முறை ஒத்திகை; பக்கத்துப் பிள்ளை அப்பாவாக உட்கார்ந்து "ரேங்க் என்ன?" என்று கேட்கட்டும்.

ஒரே நேரத்தில் நான்கு மூலையில் நான்கு குடும்பம், 20 நிமிடம். பத்துச் சுற்று, ஆள் மாறும் நேரத்தையும் சேர்த்து மூன்றரை மணி நேரம். நீங்கள் எந்த மேசையிலும் உட்காராதீர்கள். உட்கார்ந்தால் பெற்றோர் உங்களிடம்தான் பேசுவார்கள்.

இதற்கென்று வண்ணக் கோப்பும் ஸ்டிக்கரும் "போர்ட்ஃபோலியோ கிட்" என்று விற்க ஆள் வருவார். புதிய கல்விக் கொள்கையில் கட்டாயம் என்பார். 2020 கொள்கை மாணவரின் சுயமதிப்பீட்டைச் சொல்கிறது. கிட் வாங்கச் சொல்லவில்லை. பெற்றோரிடம் பணம் வசூலிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பழைய காலண்டர் அட்டையும் நூலும் போதும்.

யாரும் வராத பிள்ளையைத்தான் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டு எல்லோராலும் வர முடியாது. கூட்டத்தன்று ஆள் தேடாதீர்கள். பிள்ளைக்குப் பிடித்த பழைய வகுப்பாசிரியரை முதல் நாளே கேட்டு வையுங்கள். வேறொரு பிள்ளையின் பெற்றோரிடம் ஒட்டவைக்க வேண்டாம், ஒப்பீடு ஆரம்பித்துவிடும். பாட்டி வந்தால் அவரே போதும், எழுத்து தெரியாவிட்டாலும். தாள்களை வீட்டுக்கும் கொடுத்தனுப்புங்கள், அம்மா இரவில் பார்க்கட்டும்.

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 24, பெற்றோரைத் தவறாமல் சந்தித்துப் பிள்ளையின் முன்னேற்றத்தைச் சொல்வது ஆசிரியர் கடமை என்கிறது. மேலிடமோ கூட்டப் புகைப்படத்தை மட்டும் கேட்கும். முதல் ஐந்து நிமிடத்திலேயே எடுத்து அனுப்பிவிட்டு, போனைப் பைக்குள் போடுங்கள்.