அம்மாவை அழைத்து வரப்போகும் மன்னார்குடித் தம்பிக்கு

மன்னார்குடியிலிருந்து சிங்கப்பூர் வந்து சில மாதமே ஆன தம்பி ஒருவர் மூன்று கேள்வி கேட்டிருக்கிறார். அறை வாடகை எந்தப் பக்கம் கட்டுப்படியாகும்? வேலை மாற எவ்வளவு நாள் பொறுக்க வேண்டும்? அப்பா போனபிறகு ஊரில் தனியாக இருக்கும் அம்மாவை இங்கே கூட்டி வந்துவிடலாமா? முதல் இரண்டுக்கும் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மூன்றாவதற்குத்தான் யாரும் உள்ளதைச் சொல்வதில்லை. எனக்கு ஊர் வலங்கைமான் பக்கம். அம்மா என்னோடுதான் இருக்கிறார். அதனால் அதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் சட்டம். எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருப்பவர் பெற்றோரை நீண்டகால வருகை அனுமதியில் வைத்துக்கொள்ள, நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 12,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வேண்டும். மருத்துவமனை மானியம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தால் முழுச் செலவும் உங்கள் தலையில். காப்பீடு எடுக்காமல் டிக்கெட் போடாதீர்கள்.

இனி வீட்டுக்குள் வருவோம். எல்லாரும் மாமியார் மருமகள் சண்டையை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். எங்கள் வீட்டில் அவர்கள் இருவரும் ஒரே கட்சி. சண்டையெல்லாம் அம்மாவுக்கும் எனக்கும்தான். நான் ஊரை விட்டுக் கிளம்பியது 23 வயதில். இங்கே வந்து சேர்ந்ததும் அம்மா விட்ட இடத்திலிருந்து என்னை வளர்க்கத் தொடங்கிவிட்டார். எனக்குத் தலை நரைத்ததெல்லாம் அவருக்குக் கணக்கே இல்லை. வேலை முடிந்து வர நேரமானால் லிஃப்ட் வாசலில் வந்து நிற்பார். போனை வைத்தால் "யார்ரா அது, இவ்ளோ நேரம்?" என்பார். ஒருநாள் வீட்டிலிருந்து மேலதிகாரியோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். பின்னாலேயே எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து உச்சந்தலையில் வைத்து நாலு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். மேலதிகாரி சீனர். "அம்மாவா?" என்று கேட்டுவிட்டு எழுந்து நின்று கும்பிட்டார். இன்றைக்கும் என்னைப் பார்த்தால் முதலில் அம்மாவைத்தான் விசாரிப்பார்.

பெரிய சண்டை காக்கையால் வந்தது. இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இங்கே காக்கை, புறா எதற்கும் சோறு வைக்கக் கூடாது. வனவிலங்குச் சட்டப்படி முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். அம்மாவோ அமாவாசையன்று காக்கை எடுக்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார். சமையலறை ஜன்னல் கட்டையில் நெய் விட்ட சோற்றை உருட்டி வைத்து "கா கா" என்று கூப்பிட, வந்ததெல்லாம் மைனா. நான் சோற்றை எடுத்து உள்ளே வைத்தேன். "உங்கப்பாவுக்கு ஒரு பிடி சோறு வைக்க எவன்டா அபராதம் போடுறது?" என்று கேட்டவர், இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. தேவையான சேதியெல்லாம் என் மனைவி மூலமாக வந்தது.

வழி கண்டுபிடித்ததும் அம்மாதான். வலங்கைமானில் சித்தி தன் மொட்டைமாடிச் சுவரில் எங்கள் பங்குக்கும் ஒரு பிடி வைத்துவிட்டு போன் செய்வார்: "அக்கா, எடுத்துடுச்சு." அங்கே பன்னிரண்டரை என்றால் இங்கே மூன்று மணி. அதுவரை வீட்டில் யாரும் வாயில் எதையும் வைக்க முடியாது. ஒரு ஐப்பசி அமாவாசைக்கு ஊரில் அடைமழை. காக்கை கண்ணிலேயே படவில்லை. எங்களுக்கு இலை விழுந்தது நாலரை மணிக்கு.

போன் இன்னொரு தலைவலி. சித்தி சீரியல் முடிந்து ஒன்பதரைக்குக் கூப்பிட்டால் இங்கே நடுராத்திரி. அம்மா பேசுவது மேல்வீடு கீழ்வீடு வரை கேட்கும். மெதுவாகப் பேசுங்கள் என்று அதட்ட எனக்கு மனசு வராது. நான் வந்த புதிதில் லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில், இரட்டைக் கட்டிலில் மேல்தட்டில் படுத்துக் கிடந்தேன். ஞாயிற்றுக்கிழமை போன் கார்டைச் சுரண்டி ஊரில் பக்கத்து வீட்டு நம்பருக்கு அடிப்பேன். அவர்கள் போய் அம்மாவைக் கூட்டிவருவதற்குள் பாதிக் காசு கரைந்துவிடும். மூச்சு வாங்க ஓடிவந்து, இரைச்சலைத் தாண்டி "சாப்ட்டியாடா?" என்று கத்துவாரே, அதே குரல்தான் இன்னும் போகவில்லை. இப்போது ஜன்னலைச் சாத்திவிட்டுப் பேசச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

சித்திரை கழிந்தால் மேட்டூர் தொடங்கிவிடும். காலையில் காப்பி டபராவை நீட்டும்போதே "எத்தனை அடிடா?" என்பார். ஜூன் 12-இல் திறப்பார்களா, 120 அடியில் எவ்வளவு நிற்கிறது என்று நான் சொல்லியாக வேண்டும். நிலம் குத்தகைக்குப் போய் வெகுநாளாகிறது. ஆனாலும் குறுவைக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் அன்றைக்கு வீட்டில் எல்லாருக்கும் திட்டு. இப்போது நானே எழுந்ததும் அணை நிலவரத்தைப் பார்த்துவிட்டுத்தான் பல் துலக்குகிறேன்.

இங்கே நம்மவர்களிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்று உண்டு. பிரசவத்துக்கு அம்மாவை வரவழைப்பார்கள். குழந்தை பள்ளிக்கூடம் போனதும் அமெரிக்காவில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அனுப்புவார்கள், அங்கேயும் குழந்தை பார்க்கத்தான். "எங்கம்மாவுக்கு இங்க செட் ஆகல" என்று பிறகு நம்மிடம் சொல்வார்கள். அடுப்படியில் ஒரு டப்பாவை இடம் மாற்றக்கூட அந்த அம்மாவுக்கு உரிமை கொடுத்திருக்கமாட்டார்கள், எப்படி செட் ஆகும்? எங்கள் வீட்டில் அடுக்களை முழுக்க அம்மா வசம். காலி ஐஸ்கிரீம் டப்பாவில் மோர்மிளகாய் இருக்கும், பிஸ்கட் டின்னைத் திறந்தால் வடகம் இருக்கும். தேக்கா சந்தையில் சீன ஆன்ட்டியிடம் விரலைக் காட்டியே முருங்கைக்காய்க்குப் பேரம் பேசுகிறார்.

கடைசியாக ஒன்று. ஊர் வீட்டை விற்காதீர்கள், வாடகைக்கும் விடாதீர்கள். பங்குனி பிறந்தால் என் அம்மாவுக்கு இங்கே கால் தரிக்காது. குக்கர் சத்தத்துக்குக்கூடச் சண்டை வரும். வலங்கைமான் மாரியம்மன் கோயில் பாடைக்காவடித் திருவிழாவுக்குப் போய் வந்தால்தான் அடங்கும். உங்கள் அம்மாவும் ராஜகோபாலசாமி கோயில் வெண்ணெய்த்தாழி உற்சவத்துக்கு ஊரில் இருந்தாக வேண்டும் என்பார். எதிர்த்துப் பேசாதீர்கள். திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது. தை மாதமே டிக்கெட்டைப் போட்டுவிடுங்கள், கடைசி நேரத்தில் விலை எகிறிவிடும்.