தூக்கத்தில் நனையும் பாய்: அடம் அல்ல

வணக்கம். ஏழு வயது லாப்ரடார், கருத்தடை அறுவை ஆன பெண் நாய், வீட்டுக்குள் ஒரு துளி விட்டதில்லை, இரண்டு வாரமாகப் பாய் நனைகிறது, அடம் பிடிக்கிறதோ என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. போகிறபோக்கில் நீங்கள் எழுதிய வரிதான் முக்கியம்: தூங்கி எழுந்த இடத்தில்தான் ஈரம். அப்படியானால் அது பெரும்பாலும் தன்னையறியாத கசிவு. கருத்தடை செய்த பெண் நாய்களில், குறிப்பாகப் பெரிய இனங்களில், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து சிறுநீர் வழியை இறுக்கும் தசை தளர்வது உண்டு. அறுவை முடிந்து சில ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும். பெரும்பாலும் மாத்திரையில் கட்டுப்படும்.

ஆனால் அதுதான் என்று இப்போதே முடிவுகட்டாதீர்கள். முதலில் தண்ணீரை அளந்து வையுங்கள். கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது உங்கள் 28 கிலோ நாய் ஒரு நாளில் 2.8 லிட்டரைத் தாண்டிக் குடித்தால், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு போன்றவற்றைப் பார்க்க வேண்டும். அடிக்கடி குந்திச் சொட்டுச் சொட்டாகப் போனால் சிறுநீர்ப்பைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு வேறு மருந்து.

காலையின் முதல் சிறுநீரைச் சுத்தமான டப்பாவில் பிடித்து, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். குழம்புக் கரண்டியை நீட்டிப் பிடிப்பதுதான் என் வழக்கம். அந்தக் கரண்டி பிறகு அடுக்களைக்குத் திரும்பாது!

தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். தண்டனையாக நாயின் மூக்கை ஈரத்தில் தேய்த்ததாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம், தூக்கத்தில் நடந்தது அதற்குத் தெரியவே தெரியாது.