ஒன்பதாவது அணி வந்தபின் அட்டவணை ஏன் பொருந்தவில்லை

ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் ஒருமுறை மோதும் உங்கள் தொடர் ஏழு வாரங்களுக்குள் முடியாது, ஒன்பது வாரங்கள் வேண்டும். கிளிநொச்சியின் எட்டுக் கழகங்களோடு முல்லைத்தீவு அணியொன்றைச் சேர்த்ததிலிருந்து ஒவ்வொரு வாரமும் ஓர் அணி எதிரணியின்றி நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையானதே பெரும்பாலும் காரணம். எட்டு அணிகளுக்கு 28 ஆட்டங்கள், ஒன்பதுக்கு 36. வாரத்துக்கு நான்குக்கு மேல் நடத்த முடியாது.

'ஓய்வு' என்று பத்தாவது பெயரொன்றைச் சேர்த்து, பத்தையும் ஐந்தைந்தாக இரு வரிசையில் எதிரெதிரே எழுதி, 'ஓய்வை' ஓரிடத்தில் நிறுத்தி, மற்ற ஒன்பதையும் வாரம் ஓரிடமாகச் சுழற்றிப் பாருங்கள். ஒவ்வோர் அணிக்கும் ஓய்வு சரியாக ஒருமுறை வந்தால் அட்டவணை சரி. அமெரிக்காவின் கால்பந்துத் தொடரான மேஜர் லீக் சாக்கரும் 2023இல் செயின்ட் லூயிஸ் சேர்ந்ததிலிருந்து 2025இல் சான் டியேகோ முப்பதாவது அணியாக வரும்வரை 29 அணிகளோடுதான் நடந்தது.

ஆனால், அங்குபோலப் புதிய அணிக்குப் பழைய கழகங்களிலிருந்து வீரர்களை எடுத்துக்கொடுக்கும் உங்கள் யோசனையை நான் ஏற்கமாட்டேன். அங்கே ஒவ்வொரு கழகமும் 12 வீரர்களைக் காத்துக்கொள்ள, மற்றவர்களிலிருந்து மொத்தம் ஐவர்வரை சான் டியேகோ எடுக்கலாம் என்று விதித்தார்கள்; வீரர்களின் ஒப்பந்தம் லீக்கோடு இருப்பதால்தான் அது சாத்தியம். நம் பிள்ளைகளோ ஊருக்காக விளையாடுகிறவர்கள் (வேறு அணிக்கு மாற்றினால் வரும் சண்டை மைதானத்தோடு நிற்காது).

கூடுதல் இரண்டு வாரங்களை ஐப்பசிக்கு முன்னரே வையுங்கள். மாரி தொடங்கினால் மைதானம் குளமாகிவிடும்.