நான் ஓட்டு போடாத தலைவருக்காக என்னன்னு ஜெபம் பண்றது?

ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "எங்க ஜெபக்குழுவுல வாராவாரம் நாட்டுத் தலைவரை ஆசீர்வதியும்னு ஜெபிக்கச் சொல்றாங்க. நான் அவருக்கு ஓட்டு போடல, அவர் செய்றதுல பாதி அநியாயம்னு நினைக்கிறேன். ஜெபிச்சா பொய் மாதிரி இருக்கு, ஜெபிக்கலன்னா வசனத்துக்கு கீழ்ப்படியலையோன்னு பயமா இருக்கு. இதுல ஒரு ஊழியக்காரர் வேற, அவர் மறுபடி ஜெயிப்பார்னு கர்த்தர் சொல்லிட்டார், உபவாச ஜெபத்துக்கு காணிக்கை அனுப்புங்கன்னு மெசேஜ் போடுறார்."

முதல்ல அந்தக் காணிக்கையை அனுப்பாதீங்க சகோதரி. மத்ததை நிதானமா பேசலாம்.

உங்களை உறுத்துறது தலைவர் இல்ல, "ஆசீர்வதியும்"ங்கிற அந்த ஒத்த வார்த்தை. 1 தீமோத்தேயு 2:1, 2ஐ திறந்து பாருங்க, ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும் விண்ணப்பம், ஜெபம், வேண்டுதல், ஸ்தோத்திரம் பண்ணணும்னு இருக்கு. எதுக்குன்னும் அங்கேயே இருக்கு, நாம "கலகமில்லாமல் அமைதலுள்ள ஜீவனம்பண்ணும்படிக்கு". அவர் ஜெயிக்கணும், கட்சி வளரணும்னு ஒரு எழுத்துகூட இல்ல. இதை முதல்ல கேட்டவங்களுக்கு மேல இருந்த பேரரசர் விசுவாசியும் இல்ல, அவங்க ஓட்டு போட்டு வந்தவரும் இல்ல, ஆனாலும் ஜெபிச்சாங்க. அதனால ஜெபிக்கிறது வேற, ஆதரிக்கிறது வேற.

அப்போ என்னன்னு ஜெபிக்கிறது? சங்கீதம் 72ஐ எடுத்துக்கோங்க, அது ராஜாவுக்காகவே பண்ணின ஜெபம். முதல் வசனத்துல ராஜாவுக்கு என்ன கேக்குறாங்கன்னு பாருங்க, கர்த்தருடைய நியாயத்தீர்ப்பும் நீதியும். நாலாம் வசனத்துல, சிறுமைப்படுகிறவர்களை அவர் நியாயம் விசாரிக்கணும், ஏழையின் பிள்ளைகளை இரட்சிக்கணும், இடுக்கண் செய்கிறவனை நொறுக்கணும். நான் பல வருஷமா இப்படித்தான் பண்றேன், "அவர்"னு வர்ற இடத்துல தலைவர் பேரைச் சொல்லி மெதுவா வாசிப்பேன், அந்த வாரம் அநியாயம் நடந்த இடம் ஏதாவது இருந்தா அதையும் அதே வசனத்துல சேர்த்துச் சொல்லுவேன். இப்படி ஜெபிக்கும்போது பொய் சொல்ற உணர்வு வராது, ஏன்னா அவர் செய்யாததைத்தான் அவர் செய்யணும்னு கேக்குறீங்க.

இப்போ அந்தத் தீர்க்கதரிசனத்துக்கு வர்றேன், எனக்கு மனசு எரியிற விஷயம் இது. 1 இராஜாக்கள் 22ஐ முழுசா வாசிங்க. இஸ்ரவேல் ராஜா ஆகாப் போருக்குப் போகலாமான்னு கேக்குறான், ஏறக்குறைய 400 தீர்க்கதரிசிகள் ஒரே குரல்ல போங்க ஜெயிப்பீங்கன்னு சொல்றாங்க, சிதேக்கியான்னு ஒருத்தன் இரும்புக் கொம்பு செஞ்சு கொண்டுவந்தே காட்டுறான். மிகாயாங்கிற இன்னொரு தீர்க்கதரிசியைக் கூப்பிடப் போன ஆளு அவர்கிட்ட முன்னாடியே சொல்றான், எல்லாரும் ராஜாவுக்கு நல்லதா சொல்லிட்டாங்க, நீயும் அப்படியே சொல்லிடுன்னு. மிகாயா ஒத்துக்கல. அவருக்குக் கிடைச்சது சிறை, அளவு போட்ட அப்பமும் தண்ணியும். ஆகாப் அந்தப் போர்லயே அம்பு பட்டு செத்தான். 400 பேர் தப்பு, ஒருத்தர் சரி. "தீர்க்கதரிசிகள் பணத்துக்குக் குறிசொல்லுகிறார்கள்"னு மீகா 3:11 கண்டிக்குதே, இன்னைக்கு தேர்தல் வந்தா போதும், அந்த வியாபாரம் கிளம்பிடுது. அந்த ஊழியக்காரர் சொன்ன ஆள் தோத்தா உங்க விசுவாசம் குறைவுன்னு சொல்லிடுவாங்க, காணிக்கையை மட்டும் யாரும் திருப்பித் தரமாட்டாங்க.

எதிர்ப்பக்கமும் ஒரு கண்ணி இருக்கு. தலைவரைப் பிடிக்காதவங்க "அவன் நாட்கள் கொஞ்சமாகட்டும், அவன் உத்தியோகத்தை வேறொருவன் பெறக்கடவன்"னு சங்கீதம் 109:8ஐ ஃபார்வர்ட் பண்ணுவாங்க. அடுத்த வசனத்தை யாரும் போடமாட்டாங்க, அவன் பிள்ளைகள் திக்கற்றவங்களும் அவன் மனைவி விதவையும் ஆகணும்னு இருக்கு. அதையா ஒருத்தருக்காக கேக்கப் போறோம்? அப்போ இந்த சங்கீதமே வேண்டாமான்னு கேட்டா, அப்படி இல்ல. உண்மையிலேயே நசுக்கப்பட்டவன், நியாயம் கேக்க வேற இடமே இல்லாதவன் கர்த்தர்கிட்ட கதறின கதறல் அது. அந்த நிலைமையில இருக்கிறவங்க வாயை நான் அடைக்க மாட்டேன். அவங்களும் என்ன பண்றாங்க பாருங்க, பழிவாங்குறதைக் கர்த்தர் கையில விட்டுடறாங்க, தங்கள் கையில எடுத்துக்கல. அதே சங்கீதத்துல நாலாம் வசனம், "நானோ ஜெபம்பண்ணிக்கொண்டிருக்கிறேன்". ஆனா வரி கூடிப்போச்சு, நம்ம ஆள் தோத்துட்டார்ங்கிற கோவத்துக்கு அந்த வசனத்தை எடுக்கிறது தப்பு.

சபைகள் மேலயும் எனக்கு வருத்தம் உண்டு. ஆராதனையில அரை நிமிஷம், "தேசத் தலைவர்களை ஆசீர்வதியும் ஆமென்", அடுத்து அறிவிப்புன்னு போயிடறோம். தேர்தல் நேரத்துல மட்டும் வேட்பாளரை மேடையில ஏத்தி தலையில கை வைக்கிறோம், அவரும் போட்டோ எடுத்துட்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பிடறார். விசுவாசிக்கு இப்படித்தான் ஜெபிக்கணும்னு யாரும் உக்கார்ந்து சொல்லித் தர்றதே இல்ல, அதான் உங்களை மாதிரி உண்மையா யோசிக்கிறவங்க குற்ற உணர்வோட தனியா தவிக்கிறீங்க.

அடுத்த வாரம் உங்க முறை வந்தா அவர் பேரைச் சொல்லி சங்கீதம் 72:1-4ஐ மட்டும் வாசிங்க, கடைசியில ஆமென் சொல்லிட்டு நிறுத்திக்கோங்க. ஏன் ஆசீர்வதியும்னு சொல்லலன்னு குழுத் தலைவி கேட்டா, வேதத்தைத் திறந்து அந்த நாலு வசனத்தைக் காட்டுங்க.