வெள்ளவத்தை மொட்டைமாடியில் உள்ளி: எதை விற்கலாம்?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: வீட்டு மொட்டைமாடியில் ஏறத்தாழ 200 சதுர அடி இடம் இருக்கிறது. கடையில் வாங்கிய உள்ளிப் (பூண்டு) பற்களைப் பைகளில் நட்டு, அயலிலுள்ள பலசரக்குக் கடைகளுக்கு விற்கலாமா? சென்ற முறை சிலவற்றை ஊன்றிப் பார்த்தபோது இலை செழித்து வளர்ந்தது. பிடுங்கினால் அடியில் பல் பிரியாத, நெல்லிக்காய் அளவான ஒற்றை உருண்டைதான் இருந்தது. எங்கே பிழை?

உங்கள் பராமரிப்பில் பிழை இல்லை. உள்ளி பல் பல்லாகப் பிரிவதற்கு, விதைப் பல்லோ இளஞ்செடியோ சில வாரங்கள் குளிரை உணர்ந்திருக்க வேண்டும். அந்தக் குளிரே செடியின் உள்ளிருக்கும் பக்க மொட்டுகளைத் தூண்டுகிறது. அதன் பின்னர் பகற்பொழுது நீளும்போது அம்மொட்டுகள் பருத்துப் பற்களாகின்றன. கொழும்பில் இரவு வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஜூன் மாதத்தின் மிக நீண்ட பகலும் பன்னிரண்டரை மணித்தியாலம் அளவில்தான் நிற்கிறது. இரண்டு தூண்டல்களும் கிடைக்காத செடி இலையை மட்டும் வளர்த்து, மிஞ்சிய உணவை ஒரே உருண்டையாகச் சேமித்துவிடுகிறது. அதைத் தாராளமாகச் சமைக்கலாம்.

குளிரின் பங்கு எவ்வளவு பெரியது என்பதற்குக் கொடைக்கானல் நல்ல சான்று. அதுவும் நம்மைப் போலவே பூமத்திய ரேகைக்கு அண்மையில் இருந்தாலும், 2000 மீற்றருக்கும் மேலான உயரத்தில், அந்த மலைக்குப் பழகிய இனத்தைக் கொண்டு பெயர்பெற்ற பூண்டை விளைவிக்கிறார்கள். நம் நாட்டிலும் உள்ளிக்கு ஏற்றவை நுவரெலியா, வெலிமடை போன்ற மலைப்பகுதிகளே.

குளிர்சாதனப் பெட்டியில் வைத்து நட்டால் என்ன என்று அடுத்து நினைப்பீர்கள். பற்களைப் பிரிக்காமல், முழு உள்ளியாகக் கடதாசிப் பையில் இட்டு, 5 முதல் 10 பாகை வரையான குளிரில் ஆறு தொடக்கம் எட்டு வாரங்கள் வைத்து, வெளியே எடுத்தவுடன் நடுவது உண்மையில் பயன் தரும் முறைதான். ஆயினும் அது முதல் நிபந்தனையை மட்டுமே நிறைவேற்றுகிறது. வெக்கையும் குறுகிய பகலும் அப்படியே இருப்பதால் விளைச்சலை உறுதிகூற இயலாது. ஒரு பையில் ஆசைக்குச் செய்து பாருங்கள், அதை நம்பி முதல் போடாதீர்கள்.

எல்லாம் கூடிவந்தாலும் கணக்கு இடிக்கிறது. நடைபாதை போக உங்களுக்குச் சுமார் 10 சதுர மீற்றர் மிஞ்சும். செடிக்குச் செடி 10, வரிசைக்கு வரிசை 15 சென்ரிமீற்றர் இடைவெளியில் ஏறத்தாழ 650 செடிகள் கொள்ளும். ஒவ்வொன்றும் 40 கிராம் தந்தாலும், நாலைந்து மாதக் காத்திருப்புக்குப் பின் கிடைப்பது 26 கிலோ. புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் லொறியிலிருந்து இறங்கும் மூட்டைகளோடு அந்த 26 கிலோ விலையில் போட்டியிடவே முடியாது.

ஆகவே, கொழும்பில் நன்றாக வளரும் பகுதியை, அதாவது இலையை விற்பதே என் ஆலோசனை. உள்ளி இலையைச் சீன உணவு சமைக்கும் உணவகங்கள் பயன்படுத்துகின்றன. வதங்கிப்போகும் பொருள் என்பதால் அருகிலிருந்து வருவதற்கு மதிப்பு உண்டு. பன்னிரண்டு முதல் பதினைந்து சென்ரிமீற்றர் ஆழமுள்ள, அடியில் துளையிட்ட பெட்டிகளே போதும். தென்னந்தும்புத் தூள், மணல், நன்கு மக்கிய கூட்டெரு ஆகியவற்றைச் சம அளவில் கலந்து நிரப்புங்கள். தட்டையான வேர்ப்பகுதி கீழிருக்க, கூர்முனை சற்றுத் தெரியுமாறு, நாலு சென்ரிமீற்றர் இடைவெளியில் ஊன்றுங்கள். இறக்குமதி உள்ளியில் முளைவிடாதிருக்கப் பதப்படுத்தியவையும் கலந்திருக்கலாம். அடியிலுள்ள வேர்த்தட்டு சிதையாத உள்ளியாகத் தேர்ந்து, முதலில் சில பற்களை மட்டும் ஈரத்துணியில் சுற்றி முளைப்பைச் சோதித்த பிறகே மூட்டையாக வாங்குங்கள்.

நட்டு ஒரு மாத அளவில் இலை ஒரு சாண் உயரம் வரும். மூன்று சென்ரிமீற்றர் விட்டு மேலே அறுத்தால் மீண்டும் துளிர்க்கும், ஆனால் இரண்டாம் அறுவடை மெலிந்தே இருக்கும். ஏனெனில் இலை பெரும்பாலும் பல்லின் சேமிப்பைத் தின்றே வளர்கிறது. இலாப நட்டம் தீர்மானமாவது இங்கேதான். ஒவ்வொரு சுற்றிலும் விதைப் பல் செலவாகிவிடுவதால், இலைக்கட்டின் விலை அதற்காக ஊன்றிய பற்களின் விலையைத் தாண்டாவிட்டால், உள்ளியை உள்ளியாகவே சமைத்திருக்கலாம். ஒரே ஒரு பெட்டியில் தொடங்கி, ஊன்றிய பற்களையும் அறுத்த இலையையும் நிறுத்து எழுதிவைத்து, எந்த உணவகம் என்ன விலைக்கு எடுக்கும் என்பதைக் கேட்டறிந்த பின்னரே பெட்டிகளைக் கூட்டுங்கள். அவர்கள் சைனீஸ் சைவ்ஸ் கேட்டால் இன்னும் நல்லது: அந்தத் தட்டை இலைப் பூண்டுச் செடி வெப்பத்தைத் தாங்கும், ஒருமுறை நட்டால் திரும்பத் திரும்ப அறுக்கலாம், விதைச் செலவு இல்லை.

மே முதல் நவம்பர் வரை மழையே பெரிய தொல்லை. நீர் தேங்கினால் பல் அடியிலிருந்து அழுகும். ஈரம் தங்கிய இலையில் ஊதாப் புள்ளிகள் விழும். ஒளி புகும் பொலித்தீன் கூரை, காற்றோட்டம், காலையில் மட்டும் நீர் என்பவையே போதுமான காப்பு. நேராக உண்ணும் இலை என்பதால் மருந்து தெளிக்க வேண்டாம். நோய் கண்ட பெட்டியின் கலவையை மறுமுறை உள்ளிக்குப் பயன்படுத்தாதீர்கள். சந்தேகம் எழுந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தில் கேட்கலாம்.

அறுவடையை விடியற்காலையில் செய்து, வெயில் ஏறுமுன் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.