பைத்தானில் தமிழ்ப் பெயர்கள் மட்டும் ஏன் வரிசை பிசகுகின்றன?

எஃப்-ஸ்ட்ரிங்கில் (f-string, மதிப்புகளை உரைக்குள் பொருத்தும் பைத்தான் வசதி) பெயருக்கு அகலம் 10 என்று கொடுத்தும் விலைப்பட்டியல் கோணுகிறது என்கிறீர்கள். உங்கள் நிரலில் தவறில்லை. பைத்தான் எண்ணுவது நம் எழுத்துகளை அல்ல, யூனிகோட் குறியீடுகளை, அதாவது எழுத்துக்கும் துணைக்குறிக்கும் கணினியில் தனித்தனியாக உள்ள எண்களை. ‘தமிழ்’ நமக்கு 3 எழுத்து; பைத்தானுக்கு 5: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. 7 இடைவெளி சேர்க்க வேண்டிய இடத்தில் 5தான் சேர்க்கிறது. விலைகளில் இந்தச் சிக்கலே இல்லை, அங்கே இலக்கத்துக்கு ஒரு குறியீடுதான்.

பைத்தானின் யூனிகோட்டேட்டா (unicodedata) தொகுதியில், ஒரு குறியீடு எந்த வகை என்று சொல்லும் கேட்டகரி (category) என்ற செயற்கூறு இருக்கிறது. இகரக் குறி, புள்ளி போன்ற துணைக்குறி என்றால் அது தரும் விடை ‘எம்’மில் (M) தொடங்கும். பெயரில் அப்படிப்பட்டவை எத்தனை என்று எண்ணி, அகலத்தோடு கூட்டிக் கொடுங்கள். ‘தமிழ்’ என்றால் 10 + 2 = 12.

ஆனாலும் ‘ர’வும் ‘ணௌ’வும் திரையில் ஒரே அகலம் பிடிக்காது. துல்லியம் முக்கியமென்றால் நான் எச்டிஎம்எல் (இணையப் பக்கங்களை எழுதும் மொழி) அட்டவணைக்கே போவேன்.